இந்த ஜாயின்ட்டுக்கு கணக்கு போட்டது யாரு?

போன மாசம் தெரிஞ்ச கான்ட்ராக்டர் ஒருத்தர் எங்க ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீசுக்கு (கட்டடம் எவ்ளோ பாரம் தாங்கும்னு கணக்கு போடுற ஆபீஸ்) வந்திருந்தாரு. ரொம்ப வருஷப் பழக்கம், வேலைல சுத்தமான ஆளு, சிமெண்ட்ல கை வைக்கிற பழக்கம் கிடையாது, கூலி பாக்கி வச்சாருன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. ஒரு தனியார் ஸ்கூலுக்கு அங்கீகாரம் புதுப்பிக்கணுமாம், அதுக்கு ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் (கட்டடம் உறுதியா இருக்குன்னு இன்ஜினியர் தர்ற சான்று) வேணுமாம். "ரெண்டு நாள்ல குடுத்தாகணும் சார், கட்டடம் நான் கட்டினதுதான், கல்லு மாதிரி நிக்குது, போட்டோ எல்லாம் அனுப்புறேன், நீங்க ஒரு சைன் போட்டு சீல் வச்சா போதும்"னாரு. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இருக்காண்ணேன்னு கேட்டேன், இல்ல. மேல் மாடி முதல்லயே பிளான்ல இருந்துதான்னு கேட்டேன், இல்ல, அப்புறமா ஏத்துனது. அப்ப ஃபுட்டிங் (அஸ்திவாரம்) எத்தனை மாடிக்கு போட்டதுண்ணேன்னு கேட்டா, "பில்லர் எல்லாம் நல்ல சைஸ் சார்"னு பதில் வருது. ஒரு வாரம் டைம் குடுங்க, நேர்ல வந்து பாக்கணும், நாலஞ்சு எடத்துல பூச்சை உடைச்சு உள்ள என்ன கம்பி இருக்குன்னு பாக்கணும், ஃபுட்டிங் ஒண்ணையாவது தோண்டிப் பாக்கணும், அப்புறம் கணக்கு போட்டு சரியா வந்தா தர்றேன்னு சொன்னேன். அவரு முகம் வாடிப்போச்சு. கோவம் இல்ல, வருத்தம். "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?"னு கேட்டாரு.

அவருக்கு வேற ஒரு இன்ஜினியர் சைன் போட்டுக் குடுத்துட்டாருன்னு அப்புறம் தெரிஞ்சுது. அது கூட எனக்கு அவ்ளோ பெருசா தோணல, எதிர்பார்த்ததுதான். ஆனா அந்த நம்பிக்கைக் கேள்வி மட்டும் மனசை விட்டு போகவே இல்ல. ஏன்னா அவர் மேல எனக்கு நெஜமாவே நம்பிக்கை இருக்கு. அவரு கெட்டவரா இருந்திருந்தா எனக்கு இவ்ளோ யோசனையே வந்திருக்காது, முடியாதுன்னு சொல்லிட்டு அடுத்த வேலைய பாத்திருப்பேன்.

நம்ம ஊர்ல சிவில் இன்ஜினியரோட நேர்மைன்னு பேச்செடுத்தாலே பேச்சு நேரா லஞ்சத்துக்கு போயிடும். கமிஷன், சிமெண்ட்டை குறைக்கிறது, 12 எம்எம் எழுதிட்டு 10 எம்எம் போடுறது, அளவுப் புத்தகத்துல பொய்க் கணக்கு எழுதுறது. இதெல்லாம் இல்லைன்னு நான் சொல்ல வரல, நிறையவே இருக்கு, எல்லாருக்கும் தெரியும். ஆனா காலேஜ்ல நாலு வருஷம் படிச்சிட்டு வர்ற பசங்க மனசுல நேர்மைன்னா திருடாம இருக்கறதுன்னு மட்டும் பதிஞ்சு போயிடுது. நான் திருடல, என் கான்ட்ராக்டரும் திருடல, அப்ப கட்டடம் நிக்கும்னு ஒரு நெனப்பு வந்துடுது. இந்த நெனப்பு தப்புன்னு எனக்கு புரிய வச்சது 1981ல அமெரிக்காவுல விழுந்த ரெண்டு நடைபாலம். ஸ்ட்ரக்சுரல் படிச்சவங்க பல பேருக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்கும், பாடத்துல ஒரு பக்கமா வந்துட்டு போயிருக்கும். ஆனா அதுக்குப் பின்னாடி நடந்த விசாரணைய வாசிச்சவங்க கம்மி, அங்கதான் விஷயமே இருக்கு.

கன்சாஸ் சிட்டி

மிசௌரி மாநிலத்துல கன்சாஸ் சிட்டி, அங்க ஹயாட் ரீஜென்சி ஹோட்டல், 1980ல தொறந்தாங்க. உள்ள பெரிய ஹால், அந்த ஹாலுக்கு குறுக்கால ரெண்டாவது, மூணாவது, நாலாவது மாடிலேர்ந்து மூணு நடைபாலம், மேல இருந்து ராடு விட்டு தொங்க விட்டது. மூணாவது மாடி பாலம் தனியா தள்ளி தொங்குது. நாலாவது மாடி பாலத்துக்கு நேர் கீழ ரெண்டாவது மாடி பாலம். ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 37 மீட்டர் நீளம். 1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஹால்ல நடன நிகழ்ச்சி, 1,600 பேர் வரைக்கும் கூட்டம், பாலத்து மேலயும் ஜனங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. ஏழு மணி தாண்டி நாலாவது மாடி பாலம் ராடை விட்டு கழண்டு ரெண்டாவது மாடி பாலத்து மேல விழுந்து, ரெண்டும் சேர்ந்து கீழ இருந்த கூட்டத்து மேல விழுந்துது. 114 பேர் செத்துப் போனாங்க, 200 பேருக்கு மேல காயம்.

காரணத்தை கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகல. உள்ளூர்ப் பத்திரிகை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வேலைக்கு வச்சு டிராயிங்கையும் விழுந்து கெடந்ததையும் ஒப்பிட்டுப் பாக்க சொன்னாங்க, சில நாள்லயே வெளிய வந்துடுச்சு. முதல் டிராயிங்ல ஒரே நீள ராடு, கூரைலேர்ந்து கிளம்பி நாலாவது மாடி பாலத்தோட பீம் வழியா உள்ள போயி கீழ ரெண்டாவது மாடி பீம் வரைக்கும். நாலாவது மாடில ஒரு நட்டு, ரெண்டாவது மாடில ஒரு நட்டு. அந்த நீள ராடுல நடுவுல நட்டு ஏத்தணும்னா அவ்ளோ நீளத்துக்கும் மரை வெட்டணும், தூக்கி நிறுத்தும்போது மரை நசுங்கிடும், ஸ்டீல் வேலை செய்யுற கம்பெனிக்கு அது பெரிய தலைவலி. அதனால அவங்க ராடை ரெண்டா பிரிச்சாங்க. கூரைலேர்ந்து நாலாவது மாடி பீம் வரைக்கும் ஒண்ணு, அதே பீம்ல கொஞ்சம் தள்ளி இன்னொரு ஓட்டை போட்டு அங்கேர்ந்து ரெண்டாவது மாடிக்கு இன்னொண்ணு.

பாத்தா ஒண்ணும் பெருசா மாறின மாதிரி தெரியாது. இதை ஜூனியர் பசங்களுக்கு சொல்லும்போது நான் கிணத்தை வச்சுத்தான் சொல்வேன். கிணத்துக்குள்ள ஒரே கயிறை புடிச்சு ரெண்டு பேர் தொங்குறாங்க, ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ. ரெண்டு பேரும் அவனவன் கையால கயிறை புடிச்சிருக்கான், அவனவன் கை அவனவன் எடைய தாங்குது. இப்ப கீழ இருக்கறவன் கயிறை விட்டுட்டு மேல இருக்கறவன் காலை புடிச்சுக்கிட்டா? கயிறுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல, அப்பவும் ரெண்டு ஆள் எடை, இப்பவும் ரெண்டு ஆள் எடை. ஆனா மேல இருக்கறவன் கை இப்ப ரெண்டு பேரை தாங்கணும். ஹயாட்ல நாலாவது மாடி பீமுக்கு அடில இருந்த நட்டுதான் அந்தக் கை. ரெண்டு சேனலை (ப வடிவ ஸ்டீல் துண்டு) மொகத்துக்கு மொகம் வச்சு வெல்டு பண்ணி பெட்டி மாதிரி செஞ்ச பீம், ஓட்டை போட்டது சரியா அந்த வெல்டு மேலயே. பாரம் ரெண்டு மடங்கு ஆனதும் அந்த எடம் பொளந்து நட்டு உள்ள ஏறி வெளிய வந்துடுச்சு. பாக்கி எல்லாம் முழுசா இருந்துது, ராடு அறுந்து போகவே இல்ல.

எல்லாரும் இந்த எடத்தோட நிறுத்திடுவாங்க, கம்பெனிக்காரன் டிசைனை மாத்திட்டான், பாலம் விழுந்துடுச்சுன்னு. ஆனா அமெரிக்க அரசோட தேசிய தர நிர்ணய அமைப்பு பண்ணின ஆய்வுல இன்னொண்ணும் வந்துது. மாத்தாத அந்த முதல் டிசைன்லயே அந்த ஜாயின்ட் (ராடும் பீமும் சேர்ற எடம்) ஊர் கட்டட விதி கேக்கற பலத்துல கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் தாங்கும். அதாவது ராடை பிரிக்காம இருந்திருந்தாலும் அது விதிப்படி தேறாது. காரணம் ரொம்ப எளிமையானது. அந்த ஜாயின்ட்டுக்கு யாருமே கணக்கு போடல. முதல் டிசைன் பண்றப்பவும் போடல, மாத்தும்போதும் போடல.

அந்த சீல் வச்ச நாள்

1979 பிப்ரவரில, ஸ்டீல் கம்பெனி தயாரிப்புக்காக வரைஞ்ச ஷாப் டிராயிங் எல்லாம் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் ஆபீசுக்கு வந்து, சரிபார்த்தாச்சுன்னு சீல் விழுந்து திரும்பப் போச்சு. நான் பல தடவ நெனச்சுப் பாக்கறது அந்த நாளைத்தான், பாலம் விழுந்த நாளை கூட அவ்ளோ நெனச்சதில்ல. மொத்தம் 40 சொச்சம் ஷீட், அதுல ஏதோ ஒரு ஷீட்ல இந்த ரெண்டு ராடு. ஆபீஸ்ல டிராயிங்கை சரிபார்த்த டெக்னீஷியன் இதை கவனிச்சிருக்காரு, ஒரு ராடு ரெண்டா மாறியிருக்கேன்னு பிராஜெக்ட் இன்ஜினியர் டேனியல் டங்கன்கிட்ட கேட்டும் இருக்காரு. சரிதான், ஏத்துக்கலாம்னு பதில் வந்துது. அவ்ளோதான். சீனியர் ஜாக் கில்லம் சீல் அது மேல விழுந்துச்சு.

யோசிச்சுப் பாத்தா அன்னைக்கு அந்த ஆபீஸ்ல யாரும் காசு வாங்கல. யாரும் பொய் சொல்லணும்னு உக்காரல. ஸ்டீல் கம்பெனி நெனச்சுது, ஜாயின்ட் டிசைன் கன்சல்டன்டோடது, அவரு டிராயிங்ல இருக்கறத நாம கொஞ்சம் வசதிக்கு மாத்துறோம், அவரு பாத்துக்குவாருன்னு. கன்சல்டன்ட் ஆபீஸ் நெனச்சுது, நாம காட்டினது சும்மா ஒரு மாதிரிப் படம், ஜாயின்ட்டை டிசைன் பண்றது ஸ்டீல் கம்பெனிதான், அதுதான் வழக்கம்னு. மாத்தத்துக்கு போன்ல அனுமதி வாங்கினோம்னு கம்பெனி சொன்னுச்சு, அப்படி ஒரு போனே வரலைன்னு கன்சல்டன்ட் பக்கம் சொன்னாங்க. ரெண்டு மேஜை, ரெண்டு பக்கமும் படிச்ச ஆளுங்க, ஒருத்தரை ஒருத்தர் நம்பினாங்க. 114 பேர் உசுரு அந்த ரெண்டு மேஜைக்கு நடுவுல இருந்த எடத்துல போச்சு.

இதுல எனக்கு ஆத்திரம் வர்ற எடம் ஒண்ணு இருக்கு. 1979 அக்டோபர்ல, கட்டட வேலை நடக்கும்போதே அந்த ஹால் கூரைல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துது, அதுவும் ஒரு கனெக்ஷன் போனதால. அதுக்கப்புறம் ஓனரும் ஆர்க்கிடெக்டும் கேக்க, கனெக்ஷன் எல்லாம் மறுபடி பாக்குறோம்னு ஸ்ட்ரக்சுரல் ஆபீஸ் உறுதி குடுத்துது. கடவுளா பாத்து குடுத்த ரெண்டாவது வாய்ப்புன்னுதான் சொல்லணும். அப்பவும் அந்த ஒரு நட்டுக்கு யாரும் பேனா எடுக்கல. இன்னொரு பக்கமும் நியாயமா சொல்லணும், சைட்ல முழு நேரம் ஒரு ஆளை வைக்கணும்னு அதே கன்சல்டன்ட் ஆபீஸ் மூணு தடவ கேட்டிருக்காங்க, செலவு அதிகம்னு ஓனர் தரப்பு மறுத்துடுச்சு. நம்ம ஊர்ல வேலை செய்யுற எவனுக்கும் இந்த வரிய படிக்கும்போது தன் க்ளையன்ட் முகம் ஞாபகம் வராம இருக்காது.

1985 நவம்பர்ல நீதிபதி ஜேம்ஸ் டாய்ச் தீர்ப்பு வந்துது, 400 பக்கத்துக்கு மேல. கில்லம், டங்கன், அவங்க நிறுவனம், மூணு பேரும் கடுமையான அலட்சியத்துக்கு குற்றவாளின்னு. அடுத்த வருஷம் மிசௌரில லைசென்ஸ் பறிபோச்சு. கிரிமினல் கேஸ்ல யாருக்கும் தண்டனை இல்ல. இண்டஸ்ட்ரில இப்படித்தான் வழக்கம், ஜாயின்ட் எல்லாம் ஃபேப்ரிகேட்டர், அதாவது ஸ்டீல் கம்பெனி, பாத்துக்குவாங்கன்னு அவங்க வச்ச வாதம் எடுபடல. வேலைய யாருக்கு வேணா பிரிச்சுக் குடுக்கலாம், சீல் வச்சவர் பொறுப்பை பிரிச்சுக் குடுக்க முடியாதுங்கறதுதான் தீர்ப்போட சாரம். கில்லம் அதை ஏத்துக்கிட்டாரு. பின்னாடி பல வருஷம் இன்ஜினியர்கள் கூட்டத்துல போயி, தன்னோட கேஸை தானே விளக்கி பேசினாரு, தினமும் அதையே நெனைக்கிறேன்னும் சொன்னாரு. 2012ல காலமானாரு. அவர் மேல எனக்கு கோவமும் இருக்கு, அந்த மேடை ஏறினதுக்கு மரியாதையும் இருக்கு, ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கத்தான் முடியுது.

இப்ப அந்த கான்ட்ராக்டரோட கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு. அண்ணே, உங்க மேல நம்பிக்கை இருக்கு, ஆனா நம்பிக்கைய வச்சு கணக்கை நிரப்ப முடியாது. நீங்க நல்லவர்ங்கறதால அந்த ஃபுட்டிங் அடில இருக்கற மண்ணு கூடுதலா தாங்காது.

போன்ல கேக்கற மாத்தம்

ஹயாட் கதைய அமெரிக்கக் கதைன்னு தள்ளி வைக்க முடியாம போறதுக்கு காரணம், அதே ராடு மாத்தம் நம்ம சைட்ல தெனமும் நடக்குது. சாயங்காலம் கான்கிரீட், காலைல மேஸ்திரி போன் பண்ணுவாரு, "சார் 16 எம்எம் லோடு வரல, 12 எம்எம் இருக்கு, போட்டுக்கட்டுமா?" பரப்பளவு கணக்கு போட்டா 16 எம்எம் கம்பி அஞ்சுக்கு 12 எம்எம் ஒம்போது போட்டா சரியா வரும், 1,005க்கு 1,018 சதுர மில்லிமீட்டர். சரி ஒம்போது போட்டுக்கங்கன்னு சொல்லி போனை வச்சிடலாம். ஆனா 230 எம்எம் அகல பீம்ல ஒரே வரிசைல ஒம்போது கம்பி எங்க போகும்? ரெண்டு வரிசையா வைப்பாங்க, அப்ப எஃபெக்டிவ் டெப்த் (எதிர்ப்பக்க விளிம்புலேர்ந்து கம்பி வரைக்கும் இருக்கற ஆழம், பலம் அதை வச்சுத்தான்) குறையும். இல்லன்னா நெருக்கி கட்டுவாங்க, ஜல்லி உள்ள எறங்காது, அடில தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். போன்ல "சரி"ன்னு சொன்னவருக்கு இது தெரியாது, கம்பி கட்டுனவருக்கு "சார் ஒத்துக்கிட்டாரு"ங்கறது மட்டும் தெரியும், டிராயிங்ல இன்னும் 16 எம்எம்னே இருக்கும். பத்து வருஷம் கழிச்சு அந்த பீமை நம்பி ஒருத்தர் மேல மாடி ஏத்துவாரு.

இன்னொண்ணு பால்கனி, சன்ஷேடு. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற ஸ்லாபுக்கு கம்பி மேல இருக்கணும், இது மேஸ்திரில இருந்து சித்தாள் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், டிராயிங்லயும் சரியாத்தான் இருக்கும், கட்டும்போதும் சரியாத்தான் கட்டியிருப்பாங்க. கான்கிரீட் போடும்போது சட்டி தூக்கிட்டு அது மேலதான் நடக்கணும், வேற வழி விட்டிருக்க மாட்டோம், அடில தாங்க சேர் கம்பி போதுமான அளவு இருக்காது. 125 எம்எம் ஸ்லாபுல மேல் கம்பி 40 எம்எம் கீழ மிதிபட்டு போச்சுன்னா 100 எம்எம்மா இருந்த எஃபெக்டிவ் டெப்த் 60 ஆயிடும், தாங்குற சக்தில 40 சதவீதத்துக்கு மேல அப்பவே காலி. வெளிய இருந்து பாத்தா எவனுக்கும் தெரியாது. சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கற பலகையும் முட்டும்) பிரிக்கும்போது சில தடவ தெரியும், அப்ப அடில நிக்கறவன் கூலிக்காரன்.

இதையெல்லாம் பேசினா உடனே வர்ற பதில், "அதுக்குத்தானே சேஃப்டி ஃபேக்டர் இருக்கு." அதாவது, தேவைக்கு மேல கூடுதலா வச்ச பலம் இருக்கேன்னு. இந்த பதிலை கேட்டா எனக்கு வயிறு எரியும். இந்தியாவோட கான்கிரீட் டிசைன் விதியான ஐஎஸ் 456ல லோடுக்கு 1.5, கான்கிரீட்டுக்கு 1.5, கம்பிக்கு 1.15னு வச்சிருக்கறது யாரு வேணா வந்து எடுத்துக்கறதுக்கு இல்ல. நல்ல மெட்டீரியல், நல்ல கட்டுமானம், தகுதியான மேற்பார்வை இருந்தா கூட வர்ற ஏத்த இறக்கத்துக்காக வச்சது அது. நடக்கறது என்னன்னா, டிசைனர் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சு டிசைன் பண்றாரு, சேஃப்டி ஃபேக்டர் இருக்குன்னு. மேஸ்திரி பம்ப் அடைக்காம இருக்க தண்ணிய கொஞ்சம் கூட விடுறாரு, சார் எப்பவும் கொஞ்சம் ஓவராத்தான் டிசைன் பண்ணுவாருன்னு. ஓனர் கேட்டாருன்னு மொட்டை மாடில தோட்டத்துக்கு மண்ணு ஏத்துறாங்க, கட்டடம் நல்ல ஸ்ட்ராங்குன்னு. ஒரே சேமிப்பை மூணு பேரு எடுத்து செலவு பண்ணிட்டாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம.

மவுலிவாக்கம்

நம்ம பக்கத்துல இதை பேசும்போது சென்னை மவுலிவாக்கத்தை தாண்டிப் போக முடியாது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை, கட்டி முடியற நிலைல இருந்த 11 மாடி கட்டடம் அப்படியே உக்காந்துடுச்சு. 61 பேர் போயிட்டாங்க, அதுல ஆந்திராவுலேர்ந்தும் ஒடிசாவுலேர்ந்தும் வேலைக்கு வந்தவங்க நிறைய. இடி விழுந்துச்சுன்னு ஒரு காரணம் கூட சொல்லிப் பாத்தாங்க. நீதிபதி ரகுபதி தலைமைல விசாரணை கமிஷன் வச்சாங்க. பக்கத்துல அதே மாதிரி நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வச்சு தகர்த்தாங்க, டிவில நேரடியா காட்டினாங்க, சில நொடில முடிஞ்சுது. அதை எல்லாரும் வேடிக்கை பாத்தோம், ஆனா அந்த இடத்துல வீடு வாங்க கடன் போட்ட குடும்பங்களையும், கூலி வாங்க வந்து உள்ள மாட்டுனவங்களையும் நெனச்சா அது வேடிக்கை பாக்கற விஷயமே இல்ல.

நேர்மை பத்தின பேச்சுல கட்டடத் தொழிலாளிங்க பேரு வர்றதே இல்ல, இது எனக்கு பெரிய குறை. பொதுமக்கள் பாதுகாப்புதான் முதல்னு எல்லா நாட்டு இன்ஜினியர் சங்கமும் எழுதி வச்சிருக்கு, அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 2020ல திருத்தின விதில கூட சமுதாயம் முதல்ல, க்ளையன்டும் முதலாளியும் அதுக்கு அப்புறம்தான். ஆனா பொதுமக்கள்னா நம்ம மனசுல வர்றது நாளைக்கு குடிவரப் போற ஆளுங்க. கட்டடத்துக்குள்ள முதல்ல குடியிருக்கறது கட்டறவங்கதான். பச்சை கான்கிரீட்டுக்கு அடில, முட்டு குடுத்த பலகைக்கு அடில தூங்கறாங்க, குழந்தைங்களோட. கட்டடம் அதோட பலவீனமான நிலைல இருக்கும்போது உள்ள இருக்கறது அவங்க. சென்ட்ரிங் எப்ப பிரிக்கணும், முட்டு எத்தனை மாடிக்கு விட்டு வைக்கணும்னு டிராயிங்ல எழுதாத டிசைனர், அவங்களை கணக்குலயே எடுத்துக்கலன்னுதான் அர்த்தம்.

2019ல தமிழ்நாட்டுக்கு புது கட்டட விதிகள் வந்துச்சு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மண் ஆய்வு இன்ஜினியர், கட்டுமான இன்ஜினியர், தரத் தணிக்கையாளர்னு தனித்தனியா பதிவு பண்ணணும், அவங்கவங்க பொறுப்புக்கு அவங்கவங்க கையெழுத்து. முன்னாடி இருந்ததுக்கு இது நல்ல முன்னேற்றம், வரவேற்கிறேன். ஆனா ஹயாட்டை படிச்சவனுக்கு ஒரு பயமும் கூடவே வரும். அங்கயும் கையெழுத்துக்கு பஞ்சம் இல்ல, ஆர்க்கிடெக்ட், கன்சல்டன்ட், ஸ்டீல் கம்பெனி, கான்ட்ராக்டர் எல்லாரும் இருந்தாங்க. ஆளு கூடக் கூட, அடுத்தவர் பாத்திருப்பாருங்கற நெனப்பும் கூடும். சாயில் ரிப்போர்ட் குடுத்தவருக்கு மேல எத்தனை மாடி வருதுன்னு கடைசில மாறினது தெரியுமா, டிசைன் பண்ணினவர் அந்த போர் லாகை (துளை போட்டு எந்த ஆழத்துல என்ன மண்ணுன்னு எழுதின பதிவு) நேரா வாசிச்சாரா இல்ல கடைசிப் பக்கத்துல இருந்த தாங்குதிறன் நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டாரா, தணிக்கையாளர் சைட்டுக்கு வந்த அன்னைக்கு கம்பி கண்ணுக்கு தெரிஞ்சுதா இல்ல கான்கிரீட் மூடின பின்னாடி வந்தாரா. இதை எந்த ஃபாரமும் கேக்கறதில்ல.

சட்டப் பக்கமும் ஒண்ணு சொல்லணும். ஆர்க்கிடெக்டுங்களுக்கு 1972லேர்ந்து தனிச் சட்டம் இருக்கு, கவுன்சில் இருக்கு, தப்பு பண்ணினா பதிவை எடுத்துடலாம். இன்ஜினியருக்கு நாடு முழுக்க அப்படி ஒரு சட்டம் இல்ல, வரைவு வந்து வந்து நின்னுடுது. ஒரு ஊர்ல பதிவு போனா பக்கத்து ஊர்ல போர்டு மாட்டலாம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்கற அந்த பயம் நமக்கு இல்ல. பயம் மட்டும் போதாதுன்னு எனக்குத் தெரியும், மிசௌரில லைசென்ஸ் சட்டம் இருந்தும்தான் அது நடந்துது. ஆனா அந்த சட்டம் இருந்ததாலதான் யாரோட பொறுப்புன்னு 400 பக்கத்துக்கு எழுதி வச்சாங்க, இன்னைக்கு நான் அதை வச்சு பேசறேன். நம்ம ஊர்ல விழுந்த கட்டடங்கள்ல எத்தனைக்கு அந்த மாதிரி எழுத்து இருக்கு, அதுல எத்தனைய ஒரு காலேஜ் வாத்தியார் வகுப்புல எடுத்துட்டு போயி நடத்த முடியும்? 2021 டிசம்பர்ல திருநெல்வேலில ஒரு பள்ளிக்கூடத்துல கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பசங்க செத்தாங்க. உடனே மாநிலம் முழுக்க பள்ளிக் கட்டடங்களை ஆய்வு பண்ண உத்தரவு வந்துது, பழைய கட்டடங்களை இடிச்சாங்க. ஆனா இடிக்கறதுக்கு முன்னாடி அது ஏன் அப்படி ஆச்சுன்னு, எந்த மண்ணு, எந்த கம்பி, எத்தனை வருஷத்துல துருப்பிடிச்சுதுன்னு எழுதி வச்சிருந்தா ஒரு தலைமுறைக்கே பாடமா இருந்திருக்கும்.

ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் வர்ற வழியே அந்த மாதிரி பிள்ளைங்களுக்காக வச்ச வழி. அதுல பாக்காம போடுற சைன் யாருக்கும் காசு நஷ்டம் இல்லாத ஒரு சின்ன உதவி மாதிரி தெரியும், ஸ்கூல்காரருக்கு வேலை முடியும், கான்ட்ராக்டருக்கு பேரு காப்பாத்தப்படும், ஆபீஸ்ல ஃபைல் மூடும். கூடவே, அந்தக் கட்டடத்தை பத்தி கேள்வி கேக்க வேண்டிய எல்லாரும் கேக்கறதை நிறுத்திடுவாங்க, ஏன்னா ஒருத்தர் பாத்தாச்சுன்னு பேப்பர்ல இருக்கு. சர்டிபிகேட்டே இல்லாத கட்டடத்தைவிட அது ஆபத்து, இல்லாத கட்டடத்தையாவது யாராச்சும் ஒரு நாள் சந்தேகப்படுவாங்க.

என் ஆபீஸ்ல இப்ப சில விஷயத்தை கட்டாயமா வச்சிருக்கோம், மத்தவங்களும் எடுத்துக்கலாம்னுதான் எழுதறேன். போன்ல மாத்தம் ஒத்துக்கறது கிடையாது. மேஸ்திரி அவசரமா கேட்டா வாட்ஸ்அப்ல எழுதி அனுப்ப சொல்றோம், கணக்கு போட்டு டிராயிங்ல ரிவிஷன் நம்பர் மாத்தி திருப்பி அனுப்புறோம், அது வர்ற வரைக்கும் கான்கிரீட் வண்டிய சொல்லாதீங்கன்னு முன்னாடியே பேசி வச்சிருக்கோம். டிராயிங் வெளிய போறதுக்கு முன்னாடி ஒருத்தர் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரல் வச்சு, இதுக்கு கணக்கு எந்தப் பக்கத்துல இருக்குன்னு சத்தமா கேக்கணும், பக்க நம்பர் சொல்ல முடியலன்னா அந்த ஷீட் போகாது. புதுசா சேர்ந்த பொண்ணோ பையனோ கேட்டாலும் சீனியர் பதில் சொல்லியே ஆகணும், "அதெல்லாம் சரிதாம்பா"ங்கற பதில் செல்லாது. சைட் விசிட்டை தனி ஐட்டமா போட்டா ஓனர் வெட்டிடறாரு, அதனால டிசைன் ஃபீஸ்க்குள்ளயே சேர்த்துட்டோம், ஃபுட்டிங் கம்பி, பில்லர் ஸ்டார்ட்டர் (பில்லர் கிளம்பற அடிப்பகுதி), ஒவ்வொரு ரூஃபும் மூடறதுக்கு முன்னாடி எங்க ஆளு பாக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதறோம். சதுர அடிக்கு கொஞ்சம் கூடத்தான் வருது, அதைப் பாத்து பக்கத்து ஆபீசுக்கு போறவங்க போறாங்க. வர்றவங்ககிட்ட முதல் நாளே உக்கார வச்சு இது எதுக்குன்னு சொல்லிடறோம், கேட்டுட்டு சரின்னு சொல்ற ஓனருங்க நாம நெனைக்கறதைவிட ஜாஸ்தியாவே இருக்காங்க.